அரௌன் எமன் அல்ல

வெல்ஷ் மொழியின் பழங்கதைகளில் வரும் அரௌன் என்ற அரசனை எமன் என்று தமிழ்ப்படுத்துவது நம் வட்டத்தில் பழக்கமாகி வருகிறது. சமீபத்தில் என் பார்வைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பின் கைப்பிரதியில் அவனுடைய நாடான அன்னூன் 'எமலோகம்' ஆகியிருந்தது. நண்பர் ஒருவரின் கவிதையில் அரௌனின் வேட்டை நாய்கள் உயிரைக் கவ்விக்கொண்டு போகின்றன. இரண்டையும் எழுதியவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்ல. கேட்டால், உலகம் முழுக்க அப்படித் தானே சொல்கிறார்கள் என்கிறார்கள். வாஸ்தவம். புராணக் களஞ்சியங்கள் சொல்கின்றன, குழந்தைகளுக்கான நாவல்கள் சொல்கின்றன. சொல்லாதது ஒன்று தான்: அந்தக் கதை.

என் கட்சியை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அரௌன் சாவின் அதிபதி அல்ல. அவன் நாட்டில் செத்தவர்கள் யாரும் இல்லை. அவன் யாரையும் கொண்டுபோவதில்லை, யாருடைய கணக்கையும் பார்ப்பதில்லை, யாரையும் தண்டிப்பதில்லை. அவனை மரண தேவனாக்கியது பின்னால் வந்த வாசிப்பு. அந்த வாசிப்பு ஒரு நல்ல கதையைத் தின்றுவிட்டு எலும்பை நம் கையில் கொடுத்து, இது தான் ஆதி என்கிறது. எலும்பைச் சப்புவது தான் ஆழம் என்று நாமும் நம்பத் தொடங்கிவிட்டோம்.

'மாபினோகியின் நான்கு கிளைகள்' எனப்படும் உரைநடைக் கதைகளில் முதல் கிளையில் வருகிறான் அரௌன். கதைகள் முழுதாகக் கிடைக்கும் ஏடுகள் இரண்டு. 1350ஐ ஒட்டிய ருதெர்ஹின் வெள்ளைப் புத்தகம் ஒன்று. 1382க்குப் பிற்பட்ட ஹெர்கெஸ்டின் சிவப்புப் புத்தகம் இன்னொன்று. கதைகள் இன்றுள்ள உருவத்தை அடைந்தது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் என்பது பொதுவான கணிப்பு. வேல்ஸ் கிறிஸ்தவ நாடாகி அதற்குள் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எழுதியவன் பூசாரி அல்ல. பழைய மதத்தின் கடைசிச் சாட்சியும் அல்ல. அவன் ஒரு எழுத்தாளன். சுருக்கமாக எழுதுகிறவன். பேச்சில் மரியாதையின் அளவு தெரிந்தவன். எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று தெரிந்தவன்.

கதையைச் சொல்லாமல் விவாதிப்பதில் பயன் இல்லை.

தென்மேற்கு வேல்ஸில் டவெட் என்ற நாடு. அதன் ஏழு பிரிவுகளுக்கும் தலைவன் புய்ல். கீஹ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேட்டையாடும் போது கூட்டத்தைப் பிரிந்து தன் நாய்களோடு தனியாகிவிடுகிறான். வேறொரு நாய்க்கூட்டம் ஒரு கலைமானை விரட்டிவந்து வீழ்த்துகிறது. பளிச்சென்ற வெள்ளை உடல், சிவந்த காதுகள். அப்படிப்பட்ட நாய்களை அவன் கண்டதில்லை. கண்டும், அவற்றை விரட்டிவிட்டுத் தன் நாய்களை மானின் மேல் ஏவுகிறான். அந்த நாய்களின் சொந்தக்காரன் சாம்பல் நிறக் குதிரையில் வருகிறான். கழுத்தில் வேட்டைக் கொம்பு. நீ யாரென்று எனக்குத் தெரியும், ஆனால் உனக்கு வணக்கம் சொல்லமாட்டேன் என்கிறான். உன் அந்தஸ்து தடுக்கிறதோ என்று புய்ல் கேட்கிறான். என் அந்தஸ்து அல்ல, உன் மரியாதை கெட்ட நடத்தை என்பது பதில்.

வேற்றுலகத்தின் அரசன் முதன்முதலாக வாய் திறக்கிறான். அவன் பேசுவது சாவைப் பற்றி அல்ல. வேட்டை மரியாதையைப் பற்றி. பழிவாங்கமாட்டேன், ஆனால் நூறு மான் பெறுமான அளவுக்கு உனக்கு அவப்பெயர் உண்டாக்குவேன் என்கிறான். எமன் இப்படி மிரட்டுவானா? இது மானம் என்பது விலைமதிப்புள்ள பொருளாக இருந்த சமூகத்தின் மிரட்டல். மத்திய கால வெல்ஷ் சட்ட நூல்களில் அவமானத்துக்கு ஈடாகக் கொடுக்கும் தொகை ஒன்றின் பெயருக்கு 'முகத்தின் விலை' என்று அர்த்தம். கணவன் வேறு பெண்ணிடம் போனால் மனைவிக்குச் சேரவேண்டிய தொகையும் அதே பெயரில் தான் வருகிறது. இரண்டு ஆண்கள் ஒரு வருஷத்துக்கு முகத்தை மாற்றிக்கொள்ளும் இந்தக் கதையைக் கேட்டவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். இதை மறந்துவிட்டுக் கதைக்குள் போகமுடியாது.

புய்ல் உடனே தணிகிறான். உன் நட்பைப் பெற என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறான். அப்போது தான் அரௌன் தன்னைச் சொல்கிறான்: முடிசூடிய அரசன், நாடு அன்னூன். அதே அன்னூனில் ஹவ்கன் என்று இன்னொரு அரசன் ஓயாமல் தன்னோடு சண்டையிடுகிறான். அவனை ஒழித்துக்கொடு. என் உருவத்தை உனக்குத் தருகிறேன். உன் உருவத்தில் நான் உன் நாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வருஷம். ஒவ்வொரு இரவும் உன்னோடு படுக்க, நீ கண்டதிலேயே அழகான பெண் இருப்பாள். ஹவ்கனை ஒரே அடி தான் அடிக்கவேண்டும். இரண்டாவது அடி விழுந்தால் அவன் பிழைத்துக்கொள்வான்.

இந்த அரசனின் நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். இன்னொருவனின் முகத்தை மாற்ற முடிகிறவனுக்குப் பக்கத்து ராஜாவை ஜெயிக்க முடியவில்லை. அவன் நாடும் முழுதாக அவனுடையதில்லை, பாதி தான். சாவின் ஏகபோக அதிபதி என்று இவனைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

புய்ல் அன்னூனுக்குப் போகிறான். எப்படிப் போகிறான் என்பது முக்கியம். குகை இல்லை, கடல் இல்லை, படகுக்காரன் இல்லை, வாசலில் காவல் இல்லை. குதிரையில் போகிறார்கள். அரண்மனை கண்ணுக்குத் தெரிந்ததும் அரௌன் திரும்பிவிடுகிறான். அடுத்த தாலுக்காவுக்குப் போகிற மாதிரி. அங்கே இருப்பவர்கள் ஆவிகள் அல்ல. பூட்ஸைக் கழற்றிவிட ஆள் இருக்கிறது, விருந்து இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பொன்னாடை உடுத்த ராணி இருக்கிறாள். அவளோடு புய்ல் இனிமையாகப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறான். இரவு படுக்கைக்குப் போனதும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தைக் கட்டிலின் ஓரத்துக்குத் திருப்பிக்கொள்கிறான். விடியும் வரை ஒரு வார்த்தை இல்லை. விடிந்ததும் மறுபடி அன்பும் பேச்சும். வருஷம் முழுக்க எல்லா இரவும் அப்படியே.

யாரும் அவனிடம் இதைக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் இல்லை. சொல்லப்போனால் ஒப்பந்தத்தில் நேர் எதிரானது தான் இருக்கிறது. அந்தப் பெண் ஊதியத்தின் ஒரு பங்கு. அவனாக விலகிப் படுத்தான். ஏன் என்று ஆசிரியன் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

வருஷ முடிவில் ஆற்றுத் துறையில் சண்டை. புய்ல் ஒரே அடியில் ஹவ்கனை வீழ்த்துகிறான். விழுந்தவன் கெஞ்சுகிறான்: என்னைக் கொல்லத் தொடங்கிவிட்டாய், முடித்துவிடு. புய்ல் மறுக்கிறான். மறுநாள் நண்பகலுக்குள் இரண்டு நாடுகளும் அவன் கைக்கு வருகின்றன. சொன்னபடி பள்ளத்தாக்கில் அரௌனைச் சந்திக்கிறான், உருவங்கள் திரும்புகின்றன.

அரௌன் வீட்டுக்குப் போகிறான். அவன் போயிருந்ததே அங்கே யாருக்கும் தெரியாது. இரவு மனைவியைத் தழுவுகிறான். ஒரு வருஷமாக இது அவளுக்குப் பழக்கமில்லாதது. அவள் யோசனையில் ஆழ்கிறாள். அவன் கண்விழித்துப் பேச்சுக் கொடுக்கிறான்; பதில் இல்லை. மறுபடியும் பேசுகிறான், மூன்றாம் முறையும் பேசுகிறான். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறான். கடைசியில் சொல்கிறாள்: இந்த இடத்தில் நான் இவ்வளவு பேசி ஒரு வருஷமாகிறது, போர்வைக்குள் வந்தபின் சுகமும் இல்லை, பேச்சும் இல்லை, முகத்தைக்கூட நீ என் பக்கம் திருப்பவில்லை. அரௌன் அப்போது தான் தெரிந்துகொள்கிறான், தனக்குக் கிடைத்த நண்பன் எப்படிப்பட்டவன் என்று. அவளிடம் நடந்ததைச் சொல்கிறான்.

இந்தக் கட்டில் காட்சி தான் கதையின் உச்சம். ஆற்றுத் துறைச் சண்டை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இதற்கு ஆசிரியன் இடம் கொடுக்கிறான், மூன்று முறை மௌனத்தை நிறுத்திவைக்கிறான். ஒரு மனிதனின் நேர்மைக்கு ஒரே சாட்சி ஒரு பெண்ணின் புகார். அவள் குற்றச்சாட்டாகச் சொல்வதே அவன் காதில் புகழாக விழுகிறது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் ஆசிரியன் மறைக்கவில்லை. இரண்டு ஆண்களின் நட்புக்கு ஒரு வருஷத்து வட்டியைக் கட்டியவள் அவள். அவளைக் கேட்காமலே கடன் வாங்கினார்கள். இதை எழுதியவன் பெயரில்லாத அந்த ராணியைப் பேசவைத்தான். அவளைத் தேவதையாக்கி, நாட்டின் உரிமையை அரசனுக்கு அளிக்கும் பூமாதேவி என்று விளக்கம் சொல்கிறவர்கள் அவள் வாயை மறுபடி மூடுகிறார்கள்.

இனி, இந்தக் கதை எதைப் பற்றியது? புய்ல் என்ற பெயருக்கே விவேகம், நிதானம் என்று பொருள். கதை தொடங்கும் போது அவனிடம் இல்லாதது அது தான். கை முந்திவிடுகிறது, அடுத்தவன் மானின் மேல் தன் நாயை விடுகிறான். அதற்கு அவன் செய்யும் பரிகாரம் மூன்றும் செய்யாமல் இருப்பவை. இரண்டாவது அடியைக் கொடுக்காதது. ராணியைத் தொடாதது. தான் யார் என்பதை வருஷம் முழுக்க யாரிடமும் சொல்லாதது. ஒரே அடி என்ற நிபந்தனையைப் பாருங்கள். கஷ்டம் அடிப்பதில் இல்லை. கெஞ்சுகிறவனுக்கு இரக்கப்பட்டு இன்னொரு அடி கொடுக்காமல் இருப்பதில் இருக்கிறது. ஹவ்கன் என்ற பெயரில் கோடை என்று பொருள்படும் சொல் ஒளிந்திருப்பதால் இது கோடைக்கும் குளிருக்கும் நடக்கும் பருவச் சண்டை என்கிறார்கள். இருக்கட்டும். பருவச் சண்டையில் ஒருவன் தன் கையை அடக்கிக்கொள்வதற்கு என்ன அர்த்தம்?

ஐரிஷ் கதையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். வேற்றுலக அரசன் தன் எதிரியை வெல்ல மனித வீரன் ஒருவனை அழைப்பது அங்கேயும் உண்டு. கூஹுலினின் நோய்ப்படுக்கை என்ற கதையில் லவ்ரத் என்பவனுக்காகக் கூஹுலின் சண்டையிடப் போகிறான். அங்கே ஃபான்ட் என்ற பெண் கிடைக்கிறாள். ஒரு மாதம் அவளோடு இருக்கிறான். பிறகு அவன் மனைவி எமர் கத்திகளோடு பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். நல்ல கதை. சட்டகம் ஒன்று தான். வெல்ஷ்காரன் அதே சட்டகத்தை எடுத்து, பெண்ணைக் கொடுத்து, வீரனைத் திரும்பிப் படுக்கவைத்தான். அவன் செய்த காரியம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. சட்டகத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று.

அரௌன் எப்படி எமனானான் என்பதற்கு வருகிறேன்.

அன்னூனைப் பேய்களின் இடமாகப் பார்க்கும் பார்வை பழையது தான். கில்ஹூக்கும் ஓல்வெனும் பற்றிய கதை ஏறத்தாழ முதல் கிளையின் காலத்தையே சேர்ந்தது. அதில் க்வின் ஆப் நீத் என்பவனுக்குள் அன்னூனின் பேய்களின் மூர்க்கத்தைக் கடவுள் வைத்திருப்பதாக வருகிறது. இந்த உலகம் அழியாமல் இருப்பதற்காக. பிறகு இந்த க்வினும் அன்னூனின் அரசனாகிறான். 16ஆம் நூற்றாண்டு ஏட்டில் உள்ள புனித கொலெனின் வரலாற்றில், துறவி அவனுடைய கோட்டைக்குப் போய், விருந்தை மறுத்து, தீர்த்தம் தெளிக்கிறார், கோட்டை மறைந்துவிடுகிறது. நாட்டார் நம்பிக்கையில் அன்னூனின் நாய்கள் சாவுக்கு முன்னறிவிப்பாகக் குரைக்கத் தொடங்கின. இவையெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து என்ன தெரிகிறது? அன்னூனைப் பேய்க்காடாக்கும் வழி முதல் கிளையை எழுதியவனுக்குத் திறந்தே இருந்தது. அவன் அந்த வழியில் போகவில்லை. தன் அன்னூனை, மரியாதை தெரிந்த ஒரு அரசவையாக எழுதினான். போகாத வழியில் அவனை இழுத்துக்கொண்டு போவது விமர்சனம் அல்ல, ஆள்கடத்தல்.

டாலியேசின் புத்தகத்தில் அன்னூன் கொள்ளை பற்றிய செய்யுள் ஒன்று இருக்கிறது. ஆர்தர் தன் கப்பலில் போகிறான். மூன்று கப்பல் கொள்ளும் ஆட்கள் போய் ஏழு பேர் தான் திரும்புகிறார்கள். அன்னூன் தலைவனிடம் ஒரு கொப்பரை. ஒன்பது கன்னியரின் மூச்சில் சூடேறுவது, கோழைக்கு உணவு சமைக்காதது. அந்தத் தலைவனின் பெயரை அந்தச் செய்யுள் சொல்வதில்லை. அரௌன் என்று நிரப்பிக்கொண்டவர்கள் நாம் தான்.

19ஆம் நூற்றாண்டில் பண்டிதர்கள் வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் முதல் கெல்டிக் பேராசிரியர் ஜான் ரீஸ் 1886ல் நிகழ்த்திய ஹிபர்ட் சொற்பொழிவுகளில், கதை மாந்தர்களை ஒளித் தெய்வம், இருள் தெய்வம் என்று பந்தி பிரித்து உட்காரவைத்தார். பின்னால் டபிள்யூ. ஜே. க்ரிஃபித் அதைவிடத் தூரம் போனார். அவர் மேதை, நல்ல கவிஞர். அதனால் தான் அவரைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஐரிஷ் மரபில் மொங்கான் பிறந்த கதை உண்டு. கணவன் போரில் இருக்கும் போது மனனான் என்ற தெய்வம் அவன் உருவில் வந்து மனைவியைக் கூடிப் பிள்ளை பெறுகிறது. மாபினோகியின் மூலக்கதையும் இப்படித் தான் இருந்திருக்கும், அன்னூனின் அரசன் புய்லின் உருவில் இருந்து புய்லின் மனைவியிடம் பெற்ற பிள்ளை தான் பிரடெரி என்று க்ரிஃபித் மீட்டெடுத்தார். நம் கையில் உள்ள பிரதியில் அந்த வருஷத்தில் புய்லுக்கு மனைவியே இல்லை. ரியானன் பின்னால் தான் வருகிறாள். இல்லாத மனைவியை உண்டாக்கி, நடக்காத கூடலை நடத்தி, அதற்கு மூலம் என்று பேர் வைக்கிறார். எந்தக் கட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை என்பது கதையின் உயிரோ, அந்தக் கதையின் அடியில் போய் ஒரு கட்டிலைப் போட்டு, நடந்தது என்கிறார்!

ராபர்ட் கிரேவ்ஸ் நம் கவிஞர்களுக்குப் பிடித்தவர். 1948ல் வந்த 'வெள்ளைத் தேவி' இன்றும் நம்மிடையே கைமாறுகிறது. வெல்ஷ் தெரியாமல், 1858ல் நாஷ் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, மரங்களின் போர் என்ற செய்யுளின் வரிகளை இடம் மாற்றி அடுக்கி, அதிலிருந்து ஒரு மர எழுத்துமாலையையும் ஒரு மறைந்த மதத்தையும் எடுத்தார். கிரேவ்ஸின் கவிதைக்கு அது உரமாகியிருக்கலாம். உரத்தைச் சாப்பாடாகப் பரிமாறுவது வேறு விஷயம். பிறகு லாய்ட் அலெக்ஸாண்டர் 1964லிருந்து 1968 வரை எழுதிய ஐந்து நாவல்களில் அரௌன் மரணப் பிரபு ஆனான். குழந்தைகளுக்கு வில்லன் வேண்டும். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். பண்டிதர்கள் வாசலைத் திறந்துவைத்தார்கள், அவர் நுழைந்தார். அந்த நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் களஞ்சியம் எழுதுகிறார்கள்; களஞ்சியத்தைப் பார்த்து நாம் கவிதை எழுதுகிறோம்.

தெய்வங்களே இல்லையா என்று கேட்பார்கள். இருந்தன. நீத் என்ற பெயர் நோடென்ஸ் என்ற தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது; லிட்னியில் அந்தத் தெய்வத்துக்கு ரோமானியர் காலத்துக் கோவில் தோண்டியெடுக்கப்பட்டிருக்கிறது. சிவந்த காதுள்ள வெள்ளை நாய்களும் ஆற்றுத் துறையும் உருமாற்றமும் பழைய சரக்கு தான். ஆனால் ஒரு வீட்டின் செங்கல் பழைய கோவிலிலிருந்து வந்தது என்பதால் அந்த வீட்டில் குடியிருப்பவன் சாமி ஆகிவிடமாட்டான்.

இந்தச் செங்கல் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதில் தான் விஷயமே இருக்கிறது. மாத்யூ ஆர்னால்ட், கெல்டிக் இலக்கியம் பற்றி 1865–66ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசினார். 1867ல் புத்தகமாக வந்தது. மாபினோகியின் கதைசொல்லி தனக்கு ரகசியம் புரியாத ஒரு தொன்மையைச் சூறையாடுகிறான், ஹாலிகார்னஸஸின் இடிபாடுகளில் குடிசை கட்டிக்கொள்ளும் குடியானவனைப் போல என்றார். அழகான உவமை. ஒன்றரை நூற்றாண்டாக எல்லோரும் இதில் மயங்கிக் கிடக்கிறார்கள். அதே ஆர்னால்ட், பள்ளிக்கூட ஆய்வாளர் ஆர்னால்ட், வெல்ஷ் மொழி நடைமுறை வாழ்விலிருந்தும் அரசியலிலிருந்தும் சமூகத்திலிருந்தும் எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு நல்லது என்றும் அதே புத்தகத்தில் எழுதினார். இந்த இரண்டையும் நம்மவர்கள் சேர்த்துப் படிப்பதில்லை. எனக்கு இரண்டும் ஒரே வாக்கியமாகக் கேட்கிறது. இடிபாட்டின் மேல் காதல். குடியிருப்பவன் காலி செய்யவேண்டும். ஒரு மொழியின் எழுத்தாளனை, அவனுக்கே புரியாத பழமையின் காவல்காரன் என்று சொல்லிவிட்டால், அவன் எழுதியதைப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை. தோண்டினால் போதும்.

அந்தக் குடியானவன் கட்டியது குடிசை அல்ல. இஃபோர் வில்லியம்ஸ் 1930ல் நான்கு கிளைகளையும் பதிப்பித்தார். அதற்குப் பிறகு பிரதியை அதன் சொற்களாலேயே படிக்கும் பாதை வேல்ஸில் உண்டாகிவிட்டது. அங்கே உள்ளவர்கள் நடந்துகொண்டிருக்கிற பாதை இருக்க, நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு ஆர்னால்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறோம். ஒரு சின்ன மொழியின் இலக்கியத்தை இப்படிப் பார்ப்பதில் நமக்குக் கூச்சம் இருக்கவேண்டாமா?

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வார்த்தை. அன்னூன் என்ற சொல்லின் பிற்பகுதி ஆழம் என்றும் உலகம் என்றும் பொருள்படும். முன்னொட்டு மிகுதியைச் சொல்கிறதா, உள்ளே என்கிறதா, அல்லாதது என்கிறதா என்பதில் வழக்கு இருக்கிறது. எமலோகம் என்பதற்கு இதில் இடம் இல்லை. நரகத்துக்கு வெல்ஷில் லத்தீனிலிருந்து வந்த வேறு சொல் உண்டு. மறுமை என்றால் செத்த பின்பு வருவது. புய்ல் உயிரோடு போய் உயிரோடு திரும்புகிறான். பாதாளம் என்றால் இறங்கவேண்டும்; யாரும் இறங்கவில்லை. வேற்றுலகம் என்பது தொல்லை இல்லாத சொல், கொஞ்சம் சப்பென்றிருக்கிறது. அன்னூன் என்றே விடுவது தான் நேர்மை. வாசகன் அது எப்படிப்பட்ட ஊர் என்று கதையிலிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

கவிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தொன்மப் பெயர் ஒன்றைக் கவிதையில் வைத்தவுடன் ஆழம் வந்துவிடுவதாக ஒரு பிரமை பரவியிருக்கிறது. எமன், ஹேடிஸ், அரௌன் மூன்றும் ஒன்று என்றால் மூன்று பெயர் எதற்கு? எல்லாம் ஒன்றே என்பது ஞானமாக இருக்கலாம், வாசிப்பு அல்ல. வேறுபாட்டில் தான் கவிதைக்கு வேலை இருக்கிறது. நாய்கள் உயிரைக் கவ்வும் படிமத்தை எந்த ஊரிலிருந்தும் எடுக்கலாம். ஒரு வருஷம் முதுகைப் பார்த்துப் படுத்திருந்த பெண்ணின் மூன்று மௌனங்கள் இந்தக் கதையில் மட்டும் தான் இருக்கின்றன.

புய்ல் டவெட்டுக்குத் திரும்புவதையும் பார்க்கவேண்டும். பிரபுக்களைக் கூட்டி, போன வருஷம் என் ஆட்சி எப்படி என்று கேட்கிறான். இவ்வளவு விவேகமாகவும் இவ்வளவு தாராளமாகவும் நீ இருந்ததே இல்லை என்கிறார்கள். அது நானல்ல, அரௌன் என்று உண்மையைச் சொல்கிறான். அந்த ஆட்சியை எங்களிடமிருந்து எடுத்துவிடாதே என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். தன் நாட்டைத் தன்னைவிட நன்றாக ஆண்டவன் ஒருவன் இருக்கிறான் என்பதைத் தன் குடிகளின் வாயாலேயே கேட்டு, ஒப்புக்கொண்டு, அப்படியே ஆள்வதாக வாக்குக் கொடுக்கிறான். ஆட்சியாளனைப் பற்றி இதைவிடக் கூர்மையான காட்சியை நான் அதிகம் படித்ததில்லை. எமனிடம் யாராவது ஆட்சி கற்பார்களா? 'டவெட்டின் தலைவன்' என்ற பட்டம் போய் அன்னூனின் தலைவன் என்ற பெயர் அவனுக்கு வருகிறது. பெயர் வந்தும் பாடம் தங்கவில்லை. கொஞ்ச நாளில் தன் திருமண விருந்தில் முகம் தெரியாத ஒருவன் வரம் கேட்க, எது கேட்டாலும் தருகிறேன் என்று வாயை விடுகிறான். வந்தவன் மணப்பெண்ணையே கேட்கிறான். இவ்வளவு மந்தமான புத்தியை யாரிடமும் கண்டதில்லை என்று ரியானன் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். விவேகம் என்று பெயர் உள்ளவனிடம்!

சாவு எங்கே என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு நான்காவது கிளையைக் காட்டுகிறேன். அரௌனும் புய்லும் கடைசி வரை நண்பர்கள். குதிரைகளும் நாய்களும் பருந்துகளும் அனுப்பிக்கொள்கிறார்கள். புய்லின் மகன் பிரடெரிக்கு அரௌன் அன்னூனிலிருந்து பன்றிகளை அனுப்புகிறான். அந்தத் தீவில் அதுவரை இல்லாத பிராணி. வடக்கே மாத் என்ற அரசனின் மருமகன் கில்வைத்வி, மாதின் காலடியில் இருக்கும் கோவின் என்ற பெண்மேல் வெறி கொண்டிருக்கிறான். அரசனைப் போருக்குக் கிளப்பினால் தான் அவளை நெருங்கமுடியும். அதற்காக அவன் அண்ணன் குவிடியன் பிரடெரியிடம் வந்து, காளானிலிருந்து குதிரைகளையும் நாய்களையும் மந்திரத்தால் உண்டாக்கி, பன்றிகளுக்கு மாற்றாகக் கொடுத்து ஏமாற்றிக் கொண்டுபோகிறான். போர் மூள்கிறது. அரசனின் கட்டிலிலேயே கோவின் பலாத்காரம் செய்யப்படுகிறாள். பிரடெரி ஆற்றுத் துறையில் குவிடியன் கையால் சாகிறான்.

முதல் கிளையில் ஒரு மாற்று, நான்காவதில் ஒரு மாற்று. முதலாவது நம்பிக்கையின் பேரில் ஒரு வருஷம் நின்றது. இரண்டாவது ஒரு நாள் கழிந்ததும் கரைந்தது. முதலாவதில் கொடுக்கப்பட்ட பெண்ணையும் ஒருவன் தொடவில்லை. இரண்டாவதில் கொடுக்கப்படாத பெண்ணை ஒருவன் விடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஆசிரியன் போட்ட முடிச்சு அரௌனின் பன்றிகள். பிரடெரியைக் கொன்றது வேற்றுலக அரசன் அல்ல. அவன் அன்பளிப்பைத் திருடிய மனிதர்கள்.